70ஐத் தொட்டதும் பாட் வெளியே வந்துவிடுகிறது: ஆர்எஸ்ஐ உச்சத்தைப் பிடிக்கும் லூப்பில் எங்கே பிழை?

பல்லடம்_இரவுப்பணி

வணக்கமுங்க. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் இருப்புக் கணக்கு பார்க்கிற வேலை எனக்கு. பகலில் சந்தை பார்க்க முடியாது என்பதால் எம்சிஎக்ஸ் பொருள் சந்தையில் கச்சா எண்ணெய் மினியை (சிறிய அளவு ஒப்பந்தம்) மட்டும் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த பிறகு ஓட்டுகிற மாதிரி பைதானில் ஒரு பாட் (தானாக வாங்கி விற்கிற நிரல்) எழுதியிருக்கிறேன். 5 நிமிட கேண்டில் (சார்ட்டில் 5 நிமிடத்து விலை நகர்வைக் காட்டுகிற ஒரு கட்டை), 14 கேண்டில் ஆர்எஸ்ஐ (விலையின் வேகத்தை 0 முதல் 100 வரை அளக்கிற குறியீடு). உள்ளே நுழைகிற விதி வேறு, அதில் தொந்தரவு இல்லை. வெளியே வருகிற விதிதான் இரண்டு மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் செய்ய நினைத்தது இது. கையில் ஒரு லாட் (ஒரு ஒப்பந்த அளவு) இருக்கும்போது ஆர்எஸ்ஐ 70ஐத் தாண்டினால் உடனே விற்கக் கூடாது. எதுவரை போகிறதோ போகட்டும், போய்த் தொட்ட உச்சத்தை நினைவில் வைத்துக்கொண்டு அங்கிருந்து 6 புள்ளி இறங்கினால் விற்க வேண்டும். 79 வரை போனால் 73ல் வெளியே. முதலில் விற்றிருக்கும் பக்கத்துக்கும் (விலை இறங்கும் என்று முதலில் விற்றுவிட்டுப் பிறகு வாங்குவது) இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள்: 30க்குக் கீழே போய்த் தொட்ட அடிமட்டத்திலிருந்து 6 புள்ளி ஏறினால் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

எழுதியிருப்பது எப்படி என்றால், ஒவ்வொரு கேண்டில் தொடங்கும்போதும் உச்சம் 0, அடி 0 என்று வைத்துவிட்டு, ஒவ்வொரு டிக் (சந்தையிலிருந்து வருகிற ஒவ்வொரு புதிய விலை) வரும்போதும் கடைசி 20 கேண்டிலின் ஆர்எஸ்ஐயை ஒரு பட்டியலில் எடுத்து, லூப்பில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பெரியதை உச்சத்திலும் சிறியதை அடியிலும் போடுகிறேன். பிறகு, இப்போதைய ஆர்எஸ்ஐ 70க்கு மேல் இருந்து, உச்சத்துக்கும் அதற்கும் 6 புள்ளி வித்தியாசம் இருந்தால் விற்பனை.

நடப்பது வேறு. சில நாள் ஆர்எஸ்ஐ 71ஐத் தொட்ட அந்த நொடியே விற்றுவிடுகிறது, உச்சமே இன்னும் வரவில்லை. விற்ற பக்கத்திலோ 30க்குக் கீழே போனால் போதும், ஒருமுறை தவறாமல் உடனே வாங்கிவிடுகிறது. போன புதன்கிழமை இரவு 8 மணிக்கு லாகில் உச்சம் 84.6 என்று பதிவாகியிருக்கிறது, ஆனால் சார்ட்டில் அந்த இரவு முழுக்க 77க்கு மேல் ஒரு புள்ளிகூட இல்லை. அதனால் பாதி வழியில் வெளியே வந்துவிட்டேன், அதற்கப்புறம் விலை நன்றாக ஏறியது. லூப்பைப் பத்து தடவை படித்துவிட்டேன், ஒப்பிடுகிற வரிகள் சரியாகத்தான் இருக்கின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

மொடக்குறிச்சி_மஞ்சள்

தம்பி, ஒப்பிடுகிற வரி சரிதான். எதிலிருந்து எதுவரை ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் கோளாறு.

நீங்கள் கேட்பது "70ஐத் தாண்டிய பிறகு தொட்ட உச்சம்". லூப் தருவது "கடைசி 20 கேண்டிலின் உச்சம்", அதாவது கடந்த 100 நிமிடத்து உச்சம். இரண்டும் வேறு வேறு. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஆர்எஸ்ஐ 81 போய்விட்டு 55க்கு இறங்கி, இப்போது மறுபடி ஏறி 71ஐத் தொடுகிறது என்று வையுங்கள். உங்கள் லூப் அந்தப் பழைய 81ஐ எடுத்துக்கொண்டு, 81லிருந்து 71க்கு 10 புள்ளி இறங்கிவிட்டது, விற்றுவிடு என்கிறது. உடனே விற்பதற்குக் காரணம் இதுதான். எதிர்ப்பக்கத்திலும் ஒரு ஓட்டை உண்டு: ஆர்எஸ்ஐ இரண்டு மணி நேரம் 70க்கு மேலேயே நின்றால், முதலில் தொட்ட உச்சம் 20 கேண்டில் வரம்பை விட்டு நழுவிவிடும், உச்சம் தானாகவே குறையும்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் வைத்திருப்பவர்களிடம் இதைத் தினமும் பார்க்கிறேன். ஈரோட்டில் 2010ல் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வருஷத்து விரலி மஞ்சளை அளப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தை, மாசியில் புது மஞ்சள் வரத்து தொடங்கினால் அது வேறு சீசன், அதன் உச்சத்தை அந்தச் சீசனுக்குள்தான் தேட வேண்டும். உங்கள் ஆர்எஸ்ஐக்கும் 70ஐத் தாண்டுவதுதான் சீசன் தொடக்கம். அதற்கு முன்னால் இருந்தது கணக்கில் வரக் கூடாது.

ஆகவே திரும்பிப் பார்க்கிற லூப்பே வேண்டாம். நிலையை நினைவில் வைத்துக்கொண்டு முன்னால் நகர்கிற மாதிரி எழுதுங்கள்:

நிலை = காத்திரு
ஒவ்வொரு கேண்டிலுக்கும்:
— ர = அந்தக் கேண்டிலின் ஆர்எஸ்ஐ
— நிலை காத்திரு, ர 70க்கு மேல் என்றால்: நிலை = பின்தொடர், உச்சம் = ர
— நிலை பின்தொடர் என்றால்: ர உச்சத்தைவிடப் பெரிதா? உச்சம் = ர
— நிலை பின்தொடர், உச்சம் கழித்தல் ர 6 அல்லது அதற்கு மேல் என்றால்: விற்பனை, நிலை = காத்திரு
— ர 70க்குக் கீழே என்றால்: நிலை = காத்திரு

உச்சத்தை 0 என்று ஆரம்பிக்கவில்லை, கவனித்தீர்களா? நிலை மாறுகிற அந்தக் கேண்டிலின் மதிப்பையே முதல் உச்சமாக வைக்கிறோம். விற்ற பக்கத்தில் உங்களை ஒவ்வொரு தடவையும் ஏமாற்றுவது அந்த 0தான். அடி 0 என்று ஆரம்பித்தால் ஆர்எஸ்ஐ எந்தக் காலத்திலும் அதற்குக் கீழே போகாது, அடி 0விலேயே நிற்கும், இப்போதைய 28க்கும் அதற்கும் வித்தியாசம் 28, ஆகவே உடனே வாங்கு. ஆர்எஸ்ஐக்கு உச்சத்தை 0 என்று ஆரம்பிப்பது தப்பித்துவிடும், ஆனால் அதே நிரலை எம்ஏசிடி என்ற இன்னொரு குறியீட்டுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் உதைக்கும், ஏனென்றால் அது பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது, அங்கே எல்லா மதிப்பும் கழித்தல் குறியோடு இருக்கிற நேரத்தில் உச்சம் 0 என்று பொய் சொல்லும்.

சரவணம்பட்டி_கோடர்

மேலே அண்ணா சொன்னது முழுக்கச் சரி. புதன்கிழமைக் கதைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதே அடியை நானும் வாங்கியிருக்கிறேன்.

புதன் இரவு 8 மணி என்றதுமே புரிந்துவிட்டது. அமெரிக்காவின் வாராந்திர கச்சா எண்ணெய் இருப்பு விவரம் வருகிற நேரம் அது. அங்கே காலை 10.30, நமக்கு அவர்களுடைய கோடை நேரத்தில் இரவு 8, குளிர்கால நேரத்தில் 9. விவரம் வந்த முதல் சில நொடிகளில் விலை ஒரு பக்கம் பாய்ந்துவிட்டுத் திரும்பும். நீங்கள் ஒவ்வொரு டிக்குக்கும் ஆர்எஸ்ஐ கணக்குப் போடுகிறீர்கள். இன்னும் முடியாத கேண்டிலுக்கு குளோஸ், அதாவது முடிவு விலை, என்பதே கிடையாது, கடைசியாக நடந்த விலையைத்தான் குளோஸ் என்று வைத்துக் கணக்கு ஓடுகிறது. விலை பாய்ந்த நொடியில் ஆர்எஸ்ஐ 84.6, கேண்டில் முடியும்போது 77. சார்ட்டில் அப்புறம் போய்ப் பார்த்தால் 77 மட்டும்தான் தெரியும். ஆனால் உங்கள் வேரியபிளில் 84.6 உட்கார்ந்துவிட்டது, அது உச்சம் என்பதால் அந்த கேண்டில் முடிகிறவரை இறங்கவும் இறங்காது. ஏறினால் ஒட்டிக்கொள்ளும், இறங்கினால் விடாது, உச்சம் தேடுகிற வேரியபிளின் குணமே அது. அதனால்தான் ஒரே ஒரு கெட்ட டிக் உங்களைப் பாதி வழியில் வெளியே தள்ளிவிடுகிறது.

பவானிசாகர் நீர்மட்டம் பேப்பரில் வருகிறதே, மொத்தம் 105 அடியில் இன்று காலை 8 மணி நிலவரப்படி இவ்வளவு என்று. நேற்றைய 8 மணி அளவை இன்றைய 8 மணி அளவோடு ஒப்பிட்டால்தான் ஏறியதா இறங்கியதா என்று பேச முடியும். ஒரு நாள் 8 மணிக்கு, இன்னொரு நாள் அலை அடிக்கும்போது என்று அளந்தால் அந்தப் பட்டியலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. உங்கள் பட்டியலில் 19 எண்கள் முடிந்த கேண்டிலின் எண்கள், ஒன்று மட்டும் அலையின் எண்.

ஆகவே கேண்டில் முடிந்த பிறகு, ஒரு கேண்டிலுக்கு ஒரே ஒரு முறை, அந்த லூப்புக்குள் போங்கள். கடைசியாகப் பார்த்த கேண்டிலின் நேரத்தை ஒரு வேரியபிளில் வைத்துக்கொண்டு, புதிய நேரம் வந்தால் மட்டும் அதற்கு முந்தைய கேண்டிலைக் கணக்கில் எடுங்கள். பேக்டெஸ்ட்டும் (பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பது) நேரடி ஓட்டமும் ஒரே எண்ணைத் தர வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி, ஏனென்றால் பேக்டெஸ்ட்டில் உங்களிடம் இருப்பது முடிந்த கேண்டில்கள் மட்டும்தான். 5 நிமிடம் காத்திருப்பதற்குள் விலை விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதற்கு ஆர்எஸ்ஐயை நம்ப வேண்டாம், விலையில் ஒரு ஸ்டாப்லாஸ் ஆர்டரை (குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்பது) தனியாகப் போட்டு வையுங்கள். மினியில் ஒரு லாட் 10 பேரல், 1 ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு 10 ரூபாய். எவ்வளவு தாங்குவீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை ரொம்பப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஆர்எஸ்ஐயை 1978ல் வெல்லஸ் வைல்டர் வெளியிட்டபோது கொடுத்த சராசரி முறை, பழைய சராசரியை 13ஆல் பெருக்கி, புதியதைக் கூட்டி, 14ஆல் வகுப்பது. பழைய கேண்டிலின் வாசனை முழுசாகப் போகவே போகாது, மெதுவாகத்தான் மங்கும். தொடக்கச் சராசரியின் எடை 50 கேண்டிலுக்குப் பிறகும் 2.5 சதவீதம் அளவுக்கு ஒட்டியிருக்கும், 100 கேண்டில் போனால்தான் 0.06 சதவீதம் ஆகும். பாட் தொடங்கும்போது 20, 30 கேண்டில் மட்டும் இறக்கிக் கணக்குப் போட்டால் உங்கள் ஆர்எஸ்ஐயும் சார்ட்டின் ஆர்எஸ்ஐயும் ஓரிரண்டு புள்ளி தள்ளி நிற்கலாம், 6 புள்ளி விதிக்கு அது பெரிய தள்ளல். எம்சிஎக்ஸ் காலை 9லிருந்து இரவு 11.30 வரை நடந்தால் ஒரு நாளைக்கே 5 நிமிட கேண்டில் 174 கிடைக்கிறது. முந்தைய நாளையும் சேர்த்து இறக்கிவிடுங்கள்.

கரூர்_எம்டி5

மெட்டாடிரேடர் என்ற வர்த்தக மென்பொருளில் எழுதுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக. அங்கே 0 என்ற எண் ஓடிக்கொண்டிருக்கிற கேண்டிலைக் குறிக்கும், ஆகவே உச்சம் தேடுவதை 1லிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆனால் காப்பிபஃபர் என்ற கட்டளை கொண்டு எடுத்த அரேவில் (எண் பட்டியலில்) பழையதுதான் முதலில் இருக்கும், அரேசெட்அஸ்சீரிஸ் போட்டால்தான் வரிசை திரும்பும். அதைப் போட மறந்துவிட்டு 1லிருந்து தேடினால் கேண்டிலை விட்ட மாதிரி நினைப்போம், விட்டிருக்க மாட்டோம். அரேமேக்ஸிமம் தருவது உச்ச மதிப்பை அல்ல, அது இருக்கிற இடத்தின் எண்ணை. மெட்டாடிரேடர் 4இன் மொழியான எம்க்யூஎல்4ல் அதற்கு எத்தனை என்பதை முதலில் கொடுத்துத் தொடக்கத்தைப் பிறகு கொடுக்க வேண்டும், எம்க்யூஎல்5ல் அப்படியே மாற்றி. பழைய நிரலை ஒட்டுக்கா காப்பி அடித்தால் கம்பைலர் ஒன்றும் சொல்லாது, பதில் மட்டும் தப்பாக வரும்.

சில இண்டிகேட்டர்கள் மதிப்பு இல்லாத கேண்டிலில் எம்ப்டி வேல்யூ என்ற பிரம்மாண்டமான எண்ணை வைத்திருக்கும். உச்சம் தேடுகிற லூப்புக்கு அதைவிட ருசியான இரை கிடையாது. ஒப்பிடுவதற்கு முன்னால் அதைத் தள்ளிவிடுங்கள்.

சரவணம்பட்டி_கோடர்

பைதானிலும் அதற்கு ஒரு தம்பி உண்டு, நேன் (எண் இல்லை என்று குறிக்கிற மதிப்பு). பெரிதா, சிறிதா என்று அதை எதோடு ஒப்பிட்டாலும் பதில் பொய் என்றுதான் வரும். ஆகவே நேன் முதல் உச்சமாக உள்ளே போய்விட்டால் அப்புறம் எந்த எண்ணாலும் அதை வெல்ல முடியாது, நடுவில் வந்தால் ஒன்றும் ஆகாது. பைதானின் மேக்ஸும் அப்படித்தான், நேன் முதலில் இருந்தால் நேன், நடுவில் இருந்தால் சரியான எண். இதனால்தான் சில நாள் வேலை செய்து சில நாள் செய்யாமல் ஆட்டம் காட்டும். நம்பை என்ற பைதான் நூலகத்தின் மேக்ஸ் எங்கே இருந்தாலும் நேன் என்றே தரும், அதுவே மேல், உடனே தெரிந்துவிடுகிறது.

சோமனூர்_தறி

20 கேண்டில் உச்சம் என்ற கணக்கே தேவையில்லை என்று போய்விடாதீர்கள். ஸ்டோக்கேஸ்டிக் ஆர்எஸ்ஐ என்று 1994ல் துஷார் சந்தேவும் ஸ்டான்லி க்ரோலும் கொண்டுவந்தது முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது: கடைசி 14 ஆர்எஸ்ஐயின் உச்சத்துக்கும் அடிக்கும் நடுவில் இப்போதைய ஆர்எஸ்ஐ எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. அங்கே ஜன்னல், அதாவது பார்க்கிற அந்தக் கடைசி 14 கேண்டில், நகரத்தான் வேண்டும். உச்சமும் அடியும் ஒன்றாகவே இருந்தால் பூஜ்யத்தால் வகுக்கிற நிலை வரும், அதற்கு மட்டும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வொரு தடவையும் முழுப் பட்டியலையும் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு முனையிலும் திறக்கிற வரிசை ஒன்று, டெக் என்பார்கள், அதை வைத்துக்கொள்ளுங்கள். புதிய எண் வரும்போது பின்முனையில் அதைவிடச் சிறிதாக நிற்கிற எல்லாவற்றையும் தூக்கிவிடுங்கள், அவை இனி எப்போதும் உச்சம் ஆகப்போவதில்லை, ஏனென்றால் இவரைவிடச் சிறியவை, இவருக்கு முன்னாலேயே வெளியேறப்போகிறவை. முன்முனையில் நிற்பது ஜன்னலைத் தாண்டிப் பழையதாகிவிட்டால் அதை எடுத்துவிடுங்கள். முன்முனையில் மிஞ்சியிருப்பதுதான் உச்சம். ஒவ்வொரு எண்ணும் ஒரு முறை உள்ளே போகும், ஒரு முறை வெளியே வரும். 20 கேண்டிலுக்கு இது தேவையா என்றால் தேவையில்லை. மூன்று வருஷத்து ஒரு நிமிட கேண்டிலை வைத்து ஐம்பது வகை ஜன்னலை பேக்டெஸ்ட் செய்கிற அன்று இதன் அருமை தெரியும்.

பல்லடம்_இரவுப்பணி

எல்லாருக்கும் நன்றிங்க. மூன்று இரவு பேப்பர் டிரேடில் (பணம் போடாத ஒத்திகையில்) ஓட்டிப் பார்த்தேன். 71ல் உடனே விற்கிறது நின்றுவிட்டது, லாகில் இருக்கிற உச்சமும் சார்ட்டில் இருக்கிற உச்சமும் தசமம் வரை ஒத்துப்போகின்றன. அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி சொல்லி மாளாது.

ஆனால் மொடக்குறிச்சி அண்ணா, உங்கள் வரிகளில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. முதல் நாள் 79 போய் 73க்கு வந்தபோது சரியாக விற்றது. நிலை காத்திருவுக்குப் போனது. அடுத்த கேண்டில் 72, அது 70க்கு மேல் என்பதால் மறுபடியும் பின்தொடர ஆரம்பித்து, அதற்கடுத்து 66 வந்ததும் இன்னொரு விற்பனை அனுப்பியது. கையில் லாட்டே இல்லை, பேப்பரில் இல்லாமல் நிஜமாக இருந்திருந்தால் நான் அறியாமலேயே விற்ற பக்கத்தில் நின்றிருப்பேன். இரண்டாவது, நேற்று 74 வரை போய், 69.5க்கு வந்து, பிறகு 66 ஆனது. விற்கவே இல்லை.

இன்னொரு கேள்வியும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை சொன்ன நேரத்துக்கு முடியாமல் சாயங்காலம் வரை நீண்டுவிடுகிறது, திடீரென்று போவதும் உண்டு. பாட் நின்று மறுபடி ஓடும்போது உச்சம் மறந்துவிடுகிறதே, அதற்கு என்ன செய்வது?

மொடக்குறிச்சி_மஞ்சள்

இரண்டும் நான் எழுதியதில் இருந்த பிழை, தம்பி. நன்றாகப் பிடித்தீர்கள்.

நுழைகிற கோடும் முடிகிற கோடும் ஒரே இடத்தில் இருந்ததுதான் தவறு. 70லேயே தொடங்கி 70லேயே அழித்தால், 6 புள்ளி இறங்க இடம் கிடைக்க உச்சம் 76 ஆவது இருக்க வேண்டும். 74 உச்சம் என்றால் விற்க வேண்டிய இடம் 68. ஆனால் 69.5லேயே உச்சத்தை அழித்துவிட்டோம், 66 வரும்போது பாட்டுக்கு ஒன்றும் நினைவில் இல்லை. 75லிருந்து ஒரே கேண்டிலில் 68க்கு விழுந்தால் மட்டும் விற்கும், ஏனென்றால் விற்கிற வரி அழிக்கிற வரிக்கு முன்னால் இருக்கிறது. அப்படி கேண்டில் விழுகிற விதத்தை நம்பி விதி இருக்கக் கூடாது.

முடிகிற கோட்டை 60க்கு இறக்குங்கள். உச்சம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் 70க்கு மேல்தான், விற்கிற இடம் 64க்கு மேல்தான், ஆகவே ஒரே கேண்டிலில் 60க்குக் கீழே விழுந்தாலும் அந்த கேண்டிலிலேயே விற்பனை நடந்தே தீரும். அப்புறம், மூன்றாவதாக ஒரு நிலை வேண்டும். விற்ற பிறகு நிலை காத்திரு ஆகக் கூடாது, ஓய்வு என்று வையுங்கள். ஓய்விலிருந்து 60க்குக் கீழே போனால்தான் காத்திரு. ஆக:

— காத்திரு, ர 70க்கு மேல்: பின்தொடர், உச்சம் = ர
— பின்தொடர், ர உச்சத்தைவிடப் பெரிது: உச்சம் = ர
— பின்தொடர், 6 புள்ளி இறக்கம்: விற்பனை, ஓய்வு
— ஓய்வு, ர 60க்குக் கீழே: காத்திரு

விற்ற பக்கத்துக்கு 30, 40 என்று இதையே கவிழ்த்துப் போடுங்கள், ஆனால் அதற்கு நிலையும் அடியும் தனி வேரியபிளில் இருக்கட்டும், இரண்டையும் ஒன்றில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரவணம்பட்டி_கோடர்

மின்தடைக்கு: உச்சத்தை ஃபைலில் எழுதி வைக்கலாம் என்று முதலில் தோன்றும். நான் அப்படித்தான் செய்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். பாட் நின்றிருந்த 40 நிமிடத்தில் ஆர்எஸ்ஐ புதிய உச்சம் தொட்டிருக்கலாம், ஃபைலுக்கு அது தெரியாது. அதற்குப் பதில், தொடங்கும்போது நேற்றைய, இன்றைய கேண்டில்களை இறக்கி, அந்த நான்கு வரிகளை முதல் கேண்டிலிலிருந்து வரிசையாக ஓட்டுங்கள், ஆர்டர் அனுப்புவதை மட்டும் அணைத்துவிட்டு. கடைசிக் கேண்டிலுக்கு வரும்போது நிலையும் உச்சமும் மின்சாரமே போகாதது மாதிரி சரியான இடத்தில் இருக்கும். நேரடி ஓட்டம், பேக்டெஸ்ட், மறுதொடக்கம் மூன்றுக்கும் ஒரே ஃபங்ஷன்.

அப்படி ஓட்டியதில் நிலை ஓய்வு என்று வந்து, புரோக்கர் கணக்கில் லாட் இன்னும் இருந்தால், மின்சாரம் இல்லாத நேரத்தில் விற்க வேண்டிய இடம் கடந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதை நீங்கள் முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வையுங்கள். நான் உடனே விற்றுவிடுவேன். கையில் லாட் இருக்கிறதா என்பதை எப்போதும் புரோக்கரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், உங்கள் வேரியபிளை நம்ப வேண்டாம்.

மின்சாரம் போனதும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைத்து ஓட்டலாம் என்று நினைத்தால், செபி 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளின்படி ஏபிஐ ஆர்டர் (நிரல் நேரடியாக அனுப்புகிற ஆர்டர்) நீங்கள் பதிவு செய்த நிலையான ஐபியிலிருந்து போக வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் ஐபி மாறிவிடும், ஆர்டர் திரும்பி வந்துவிடும். அன்றைக்குக் கைப்பேசி ஆப்பில் நீங்களே விற்கிற மாதிரிதான் இருக்கும், அதனால் ஸ்டாப்லாஸ் ஆர்டர் எக்ஸ்சேஞ்சில் முன்பே நிற்பது முக்கியம்.

இந்த மாத கான்ட்ராக்டின் கெடு (எக்ஸ்பைரி) முடிந்து அடுத்த மாத கான்ட்ராக்டுக்கு மாறுகிற நாளில் அந்தப் புதிய கான்ட்ராக்டின் சொந்த கேண்டில்களையே இறக்குங்கள். பழையதையும் புதியதையும் ஒட்டினால் விலை வித்தியாசம் ஒரு பாய்ச்சலாகத் தெரிந்து, நடக்காத ஒரு உச்சம் உருவாகிவிடும்.

பல்லடம்_இரவுப்பணி

60 கோடும் ஓய்வு நிலையும் போட்டுவிட்டேன் அண்ணா. அந்த 74, 69.5, 66 இரவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன், 66ல் விற்றது. 79 இரவில் ஒரே ஒரு விற்பனை மட்டும்.

சரவணம்பட்டி அக்கா சொன்னபடி நேற்று வேண்டுமென்றே இரவு 9.10க்கு பாட்டை நிறுத்தி 9.50க்கு ஓட்டினேன். நின்றிருந்த நேரத்தில் 75.8 தொட்டிருக்கிறது, திரும்ப வந்ததும் உச்சம் 75.8, நிலை பின்தொடர் என்று லாகில் வந்தது. விற்ற பக்கத்தை இந்த வாரம் எழுதுகிறேன். புதன்கிழமை 8 மணிக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு அதற்கப்புறம்தான் நிஜப் பணம்.